பொடிப்பல் மிஷின்

எனக்குக் கிராப்பு ஆசையை ஊட்டியவர்கள் என் மைத்துனர்கள் மூன்று பேர். அவர்களும் எங்கள் சனம்தான். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே கொல்லிமலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் குடியேறிவிட்டவர்கள். மலையிலிருந்து இறங்கியவனுக்கு மலையிலேயே இருப்பவனைப் பார்த்தால் ஓர் இளக்காரம் வந்துவிடும். அதற்கு இரண்டு தலைமுறை தாராளம். நான் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கிராப்புத் தலையோடு மூவரும் வரிசையாக உட்கார்ந்து என் குடுமியைப் பார்ப்பார்கள். கடைசிப் பையன் மட்டும், "மாமா, கொண்டைக்கு எண்ணெ போதுமுங்களா, இன்னுங் கொஞ்சம் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்பான். கேலி செய்திருந்தால் திருப்பிக் கேலி செய்திருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வீட்டில் நான் பெண் எடுத்ததே ஒரு பெரிய சங்கதி. எனக்கு முறைப்பெண் இருந்தாள். அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தையின் மகள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் அந்த அத்தை ஒருவர்தான். மூன்று வயதில் எனக்கு அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் என்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தது அத்தை. அவர் மகளை நான் கட்டிக்கொள்வது என்பது யாரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் கூட இல்லை. பலா காய்ப்பது போல அது பாட்டுக்கு நடக்க வேண்டியது. நடுவில் நான் அடிவாரத்துச் சந்தையில் ஒருத்தியைப் பார்த்துத் தொலைத்தேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "கட்டிக்கறதுன்னா கட்டிக்க. ஆனா அத்தகிட்ட நீயே நேருல போயிச் சொல்லோணும். வெத்தல பாக்கு வெச்சு, கால்ல உழுந்து சொல்லு. ரெண்டு அறை குடுத்தா வாங்கிக்க" என்றார். வெற்றிலை பாக்கை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வளப்பூர் நாட்டுக்கும் அரியூர் நாட்டுக்கும் பாதி வழியில் ஓர் ஓடை உண்டு. கொஞ்சம் காலாறலாம் என்று அதன் கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் அப்புறம் அந்தப் பக்கம் தாண்டவே இல்லை. சந்தைக்குப் போய்விட்டு அரியூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, அத்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பொழுது சாயும்வரை அந்த வெற்றிலையை நானே மென்று தீர்த்தேன். வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேனுங்கப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் அத்தை வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "ஒரு வயித்துல பொறந்தவளுக்கு எவனோ ஒருத்தன விட்டுச் சொல்லி அனுப்பறயா நீ? இனி இந்த வாசல மிதிச்சன்னா அது உன் சாவுக்குத்தான்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'நான் இவனத்தான் அனுப்பினேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தையின் கோபம் மொத்தமும் என் தலையில் விடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. அத்தை போய்விட்டார்.

இப்படியே நாலு வருஷம். அத்தை மகள் குண்டூர் நாட்டில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். நான் தப்பிப் போனதில் அவளுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் தங்கை பேச்சு மட்டும் நின்றது நின்றதுதான். ஒரு நாள் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த அப்பா, அரிவாளைப் பார்த்தே, "எனக்கு முன்னால அவ போயிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். அந்த வீட்டில் அப்போது அரிவாளை விட்டால் நான்தான் இருந்தேன். காதில் விழாதவன் போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

இப்பேர்ப்பட்ட வீரனுக்குத் தலையில் கிராப்பு ஒன்றுதான் குறை.

அது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய காலம். மலைக்கு ரோடு கிடையாது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு நாவிதர். மாதத்துக்கு ஒரு முறை வந்து முன்மண்டையை மழித்து, குடுமியை விட்டு, முகத்தை வழித்துவிட்டுப் போவார். அவரிடம் கிராப்பு வைக்கச் சொல்லிக் கேட்டேன். "உங்கப்பா வந்து ஒரு வார்த்த சொல்லட்டுஞ் சாமி, வெட்டிர்றேன்" என்றார். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் என் தலை இன்னும் என் பேருக்கு மாறவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே ஒரு மிளகு வியாபாரியின் மூட்டைகளோடு சேலத்துக்குப் போனபோது, யாரையும் கேட்காமல் ஒரு சலூனுக்குள் நுழைந்துவிட்டேன். கடைக்காரர் கழுத்தில் துணியைக் கட்டி, குடுமியை ஒரே வெட்டில் அறுத்து என் கையில் கொடுத்தார். "வேணுமா, போட்ரட்டுமா?" என்று கேட்டார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு, வரும் வழியில் ஆற்றில் விட்டேன். ஆனால் கண்ணாடியில் தெரிந்தவன் நன்றாகத்தான் இருந்தான். கடைக்காரர் கடைசியில் ஒன்று சொன்னார்: "இருபது நாளைக்கு ஒருக்கா வந்து வெட்டிக்கணும். இல்லேன்னா கிராப்பு கிராப்பா இருக்காது."

அப்பா மூன்று நாள் என் தலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாலாம் நாள், "பின்னாலருந்து பாத்து வேற எவனோன்னு நெனச்சேன். முன்னாலருந்து பாத்தாலும் அப்பிடித்தான் இருக்குது" என்றார்.

ஒரு மாதத்தில் கிராப்பு காதை மூடிற்று. குடுமி எவ்வளவு வளர்ந்தாலும் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். கிராப்பு அப்படி இல்லை. களை எடுக்காத காடு மாதிரி நாலா பக்கமும் கிளம்பிவிட்டது. இருபது நாளைக்கு ஒரு முறை மலை இறங்கிச் சேலம் போய் வர நான் என்ன ஜமீன்தாரா? யோசித்துப் பார்த்தேன். அந்தச் சலூன்காரர் கையில் இருந்த மிஷின் நம் வீட்டில் இருந்துவிட்டால் சேலம் எதற்கு என்று தோன்றியது. அடுத்த முறை மூட்டைகளோடு போனபோது கடைவீதியில் கத்தி, கத்தரி, பூட்டு விற்கிற கடையில் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு மிஷின்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்று ஜெர்மனி சாமான், இன்னொன்று ஜப்பான் சாமான் என்றார். எனக்கு இரண்டு தேசமும் ஒன்றுதான். நான் பார்த்தது பல்லை. இரண்டுக்கும் ஒரே உருவம்: கத்தரி போல இரண்டு பிடி, நடுவில் ஒரு சுருள்வில், முனையில் சீப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பல் வரிசை. பிடியை அமுக்கினால் மேல்வரிசை இப்படியும் அப்படியும் ஓடும். இடையில் மாட்டிய மயிர் அறுந்து விழும். ஒன்றில் பல் பருத்து, இடைவெளி விட்டு இருந்தது. மற்றதில் பொடிப்பொடியாக நெருங்கி இருந்தது.

"பெரும்பல்லு தலைக்கு. பொடிப்பல்லு பிடரிக்கு. ஒண்ணுதான் வாங்கறீங்கன்னா பெரும்பல்லே வாங்கிக்குங்க" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் தட்டிவிட்டது. கீழ்நாட்டு வியாபாரி மலைக்காரனிடம் ஒரு சாமானைக் காட்டி இதை வாங்கிக்கொள் என்றால், அது விலை போகாமல் கிடக்கிற சாமான் என்பது எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு எனக்கென்று ஒரு சொந்த அறிவும் இருந்தது. கதிர் அறுக்கும் கருக்கரிவாளை எப்படிப் பார்த்து வாங்குவோம்? பல் எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்ல அரிவாள். பல் தேய்ந்து அகன்று போனதைக் கூரையில் செருகிவிடுவோம். பேன் சீப்பும் அப்படித்தான். அறுக்கிறது என்று வந்த பிறகு சாமைத்தாள் என்ன, தலைமயிர் என்ன?

"எனக்குப் பொடிப்பல்லே குடுங்க" என்றேன்.

"பிடரிக்கு மட்டுந்தானுங்களே?"

"எல்லாத்துக்குமுங்க."

அவர் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாங்க வந்தவன் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாத நல்ல மனிதர். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வையுங்கள் என்று ஒரு குப்பியைக் காட்டினார். எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொரு சங்கதி உறைத்தது. தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அப்பாவைக் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது என் மனைவி.

"பொம்பள போயி ஆம்பள தலையில கத்தி வெக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"இது கத்தியில்ல புள்ள, மிஷின்."

மிஷினைப் பற்றி முன்னோர் ஒன்றும் சொல்லிவைக்காததால் அவளுக்கு அது சரியாகப் பட்டது. கிழமை மட்டும் பார்த்தே தீரவேண்டும் என்றாள். செவ்வாய், வெள்ளி, சனி ஆகாது. அந்த வாரம் திங்கள் அமாவாசை. ஞாயிறு சந்தை. நான் பிறந்த வியாழக்கிழமையும் ஆகாது. எல்லாம் தள்ளியது போகப் புதன் மிஞ்சியது. அப்பா காட்டுக்குப் போன பிறகு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மிஷினுக்கு விளக்கெண்ணெய் விட்டோம். விளக்கெண்ணெய் கெட்டி. பிடி அமுங்கினால் திரும்பி வர மறுத்தது. அது திரும்பி வருவதற்குள் அவள் கையை இழுத்துவிட்டதால் பத்துப் பன்னிரண்டு மயிர் வேரோடு வந்தது. நான் கத்தியதில் மாடு எழுந்து நின்றுகொண்டது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, "அமுக்கி அமுக்கி விட்டுட்டே மேல ஏத்திட்டுப் போ. நடுவுல நிறுத்தாத" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் கெட்டிக்காரி. சொன்னபடியே பிடரியில் வைத்து நிறுத்தாமல் உச்சி வரைக்கும் ஏற்றிவிட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

கையை வைத்துப் பார்த்தேன். பிடரியிலிருந்து உச்சி வரை மூன்று விரல் அகலத்துக்கு வெறும் தோல் வழவழவென்று தட்டுப்பட்டது. பொடிப்பல் பிடரிக்கு என்று அந்த மனிதர் ஏன் சொன்னார் என்பது அப்போது விளங்கிற்று. விளங்கி என்ன பிரயோசனம்? தலை நடுவில் ஒற்றையடிப் பாதையோடு திரிய முடியாது. "ஆனது ஆச்சு, மட்டமா எடுத்துரு" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். அவள் அடக்கியது அழுகை இல்லை என்பது மிஷினைக் கீழே வைத்த பிறகு தெரிந்தது.

அத்தோடு நின்றிருக்கலாம். தலை போனதால் மீசையாவது எடுப்பாக இருக்கட்டும் என்று, உடைந்த கண்ணாடித் துண்டை மரத்தில் சாய்த்து வைத்து, மிஷினை நானே எடுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. அதற்குச் சரியாக இடது பக்கம். பிறகு மறுபடி வலது. பொடிப்பல் என் தலையைப் போலவே மீசையிலும் பாரபட்சம் காட்டவில்லை.

அப்பா காட்டிலிருந்து வந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னைய எப்படா எடுத்தீங்க?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் தலையையும் மீசையையும் சேர்த்து எடுத்திருக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அப்பனுக்குக் கொள்ளி வைத்திருக்கிறான். சாமிக்கு மொட்டை அடிக்கிறவன் கூட மீசையை விட்டுவைப்பான். அப்பா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மீச மொளைக்கிற வரைக்கும் வெளிய தெருவுல போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சோளக்காட்டுச் சந்தை. இரண்டு பலாப்பழம் வெடிக்கிற பக்குவத்தில் இருந்தன. அப்பா வெளியே போகாதே என்று சொன்னது உண்மைதான். ஆனால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியப் போகிறது? இது நான் யோசித்தது. பலாப்பழத்தைத் தலையில் வைத்தால் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைக்க வேண்டும், சுமையை இறக்கினால் சும்மாடும் இறங்கும், இறங்கினால் வியர்வை துடைக்க வேண்டும். இது நான் யோசிக்காதது.

சந்தையில் பழங்களை இறக்கி, துண்டால் மண்டையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே அரியூர்க்காரர்கள் மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் மூத்தவர் கிட்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் இரண்டு கைகளையும் தன் கைகளில் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு விலகினார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். அப்புறம் வேறு ஊர்க்காரர்களும் வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பழம் வாங்க வந்தவர் தட்டிப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். வழக்கமாக என்னைப் பார்த்தால் முறைக்கிற ஊர்க்கவுண்டர் கூட நகர்ந்து வழி விட்டார்.

கேதம் விசாரிக்கிறவர்கள் சந்தையில் வாய் திறக்கமாட்டார்கள். சாவைப் பற்றிச் செத்த வீட்டுக்கு வந்துதான் கேட்கவேண்டும். வழியில் பார்த்தால் கையை மட்டும் தொடுவார்கள். பிறந்ததிலிருந்து நான் பார்த்துவருகிற வழக்கம் இது. நானே எத்தனையோ பேர் கையைத் தொட்டிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. புதுத் தலைக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப் போனேன். அடிவாரத்து மைத்துனர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். மனைவியிடம் சொன்னபோது அவளும் பெருமைப்பட்டாள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர் இருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் அப்பா உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள். பிறகு அவரையே பார்த்தார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பி, "சந்தைக்குப் போனியா?" என்றார். தலையை ஆட்டினேன்.

"வாங்க, உக்காருங்க. நான் இன்னும் போவல. களி கிண்டச் சொல்றேன், தின்னுட்டுப் போங்க" என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் சங்கடத்தோடு தின்றார்கள். எழவு வீட்டில் பேசுவதற்கென்று தயார் செய்துகொண்டு வந்த பேச்சை என்ன செய்வதென்று தெரியாமல், மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் அப்பா கேட்டார். "அரியூர்க்காரங்க யாராச்சும் உன்னையப் பாத்தாங்களா?"

"மூணு பேரு பாத்தாங்க."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். நடந்தது என் மனைவிக்கு என்னைவிடச் சீக்கிரம் விளங்கிவிட்டது. "ஆரையாச்சும் ஓடச் சொல்லி, பொய்யின்னு சொல்லிரலாமுங்க மாமா" என்றாள்.

"ஆரும் போவ வேண்டாம்" என்றார் அப்பா.

எழுந்து போய் முகம் கழுவினார். குடுமியை அவிழ்த்துச் சீவி முடிந்தார். அரியூர்ப் பாதை தெரிகிற மாதிரி வாசலின் ஓரத்துக்குக் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் அப்பா சந்தையில் ஒரு படி மிளகில் கூடப் பொய் சொல்லாதவர். அவர் தன் சாவு பொய்யென்று தங்கைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று காத்திருந்தார். ஒரு முறை என்னிடம், "இதுக்கும் வரலீன்னா?" என்று கேட்டார். அந்த ஓடைக்கரையும், நான் மென்ற வெற்றிலையும் நினைவுக்கு வந்தன. ஒரு வாக்கியம்தான் நான் சொல்லவேண்டியது. அதையும் நாலு வருஷமாகச் சொல்லவில்லை.

உச்சிப்பொழுதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாதையின் திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்தே ஒரு பெண்ணின் அழுகை வந்தது. அப்பா எழுந்துவிட்டார். அத்தை தனியாக, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, கக்கத்தில் ஒரு கோடி வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். கண்ணீரில் வழி தெரிந்ததோ இல்லையோ, வாசலுக்குள் நாலு அடி வந்து, மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியவர், எதிரே நின்ற அண்ணனைப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"நீ சாவலையா?" என்றார்.

"இல்ல அம்மிணி."

அத்தை என்னைப் பார்த்தார். என் மண்டையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். "அப்பறம் இவனுக்கு என்ன கேடு?" என்றார்.

"மிஷின் வாங்கியிருக்கறான்" என்றார் அப்பா.

அத்தைக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் அவர் முயலவில்லை. கோடியை இன்னும் இறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார். "சொன்ன சொல்லுக்கு வந்தேன். நீ இருக்கற. நான் போறேன். மெய்யாலுமே போவறப்ப சொல்லி அனுப்பு. உனக்குத்தான் ஆள் கெடைக்குமே."

அப்பா இரண்டு எட்டில் போய் அந்த வேட்டியை அவர் கக்கத்திலிருந்து உருவினார். "எனக்குத்தான கொண்டாந்த, குடு" என்றார். பிணத்துக்குப் போர்த்த வந்த அந்தக் கோடியை உதறி, கட்டியிருந்த பழைய வேட்டிக்கு மேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "இப்பவே அழுதுட்டுப் போ அம்மிணி. அப்ப வந்து அழுதீன்னா எனக்குக் கேக்காது."

அத்தை நின்றார். அந்த நிலையில் யாராவது சிரித்திருந்தால் அவர் போயிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. மெல்ல மண்ணில் உட்கார்ந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். தங்கை அண்ணனைக் கேட்க முடியாத கேள்வியெல்லாம் ஒப்பாரியில் கேட்கலாம். அவர் கேட்டார்.

"பலாச்சொள நாலிருந்தா, எங்கூடப் பொறந்தவனே,
மூணு சொள தந்தவனே.
வாய்ச்சொல்லு ஒண்ணு தர, எங்கூடப் பொறந்தவனே,
வழிப்போக்கன் கேட்டயோ நீ.
நாலு மேடு நடந்து வர, எங்கூடப் பொறந்தவனே,
நடந்த காலு வலிச்சுதோ."

அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மகளைக் கட்டாமல் போனதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வரி கூட இல்லை. நேரில் வந்து சொல்லவில்லை என்பது மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. நாலு வருஷமாக அவர் மனதில் இருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு முறை அந்த வரி வந்தபோதும் அப்பா செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்தார். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ, என்னால் முடியவில்லை.

"அப்பா என்னையத்தான் அனுப்புனாருங்க அத்தை" என்றேன். "வெத்தல பாக்கு குடுத்து அனுப்புனாரு. நான் ஓடையோட நின்னுட்டேன். ஆள் விட்டது நானுங்க."

பாட்டு நின்றது. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைத்தான் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எம்மேல கோவிச்சீன்னா எப்பவாச்சும் தீரும்னு இருந்தேன்" என்றார் அப்பா. "அவன் நீ தூக்கி வளத்த பையன். அவம்மேல கோவிச்சீன்னா உனக்குத்தான் தாங்காது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவிழ்ந்து கிடந்த மயிரைச் சுருட்டி முடிந்தார். நான் அடியை எதிர்பார்த்து அவர் அருகில் போய் நின்றேன். முன்னமே வாங்கியிருக்க வேண்டிய இரண்டு அறை. அவர் அடிக்கவில்லை. என் மனைவி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. காலையில் கிண்டிய களிக்குப் பிறகு, என்ன நடக்குமோ என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டிருந்தாள். "அடுப்புப் பத்த வெக்கட்டுங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"பத்த வெய்யி" என்றார் அத்தை.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆயிற்று. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள். நாலு வருஷத்தில் எந்தப் பசு கன்று போட்டது, யார் காட்டில் கரடி வந்தது, குண்டூரில் பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சு போயிற்று. அப்பா கோடி வேட்டியை அவிழ்க்கவே இல்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். அத்தை டம்ளரை நீட்டினார், குடித்தார், கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். வாரேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்பதால், எழுந்து பேசாமல் நடந்துவிடுவார்கள். அத்தை எழுந்து நின்றபோது அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்ணா" என்றார் அத்தை.

அப்பா தலையை ஆட்டினார். அத்தை கதவோரம் நின்ற என் மனைவியிடம் போனார். நாலு வருஷத்தில் அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். அவள் கன்னத்தைத் தொட்டு, "வாரேன் கண்ணு" என்றார்.

பிறகு என்னிடம் வந்தார். இடுப்பில் என்னைச் சுமந்த காலத்தில் தடவியது போல என் மொட்டைத் தலையை உச்சியிலிருந்து பிடரி வரை ஒரு முறை தடவினார். எனக்கும் ஒரு 'வாரேன்' சொல்வார் என்று நின்றேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்துவிட்டார்.